கார் லெதர் சீட்டைச் சுத்தம் செய்து கண்டிஷனர் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புத்தம் புதுக் காரின் லெதர் சீட்டைத் தொட்டுப் பாருங்கள். பளபளப்பு இருக்காது, மங்கலாக, விரலுக்கு லேசாகப் பிடிப்பு கொடுக்கிற மாதிரிதான் இருக்கும். அதே சீட் இரண்டு வருடம் ஓடியபின் டிரைவர் பக்கம் மட்டும் மினுமினுக்க ஆரம்பிக்கும். லெதர் நன்றாகப் பதமாகிவிட்டது என்று நிறைய பேர் சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில் அந்த மினுமினுப்பு உடம்பு எண்ணெய், வியர்வை, கையில் தடவிய கிரீம், உடையிலிருந்து வந்த தூசி எல்லாம் சேர்ந்து படிந்த அழுக்குப் படலம்.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். படலத்தை எடுக்காமல் அதன் மேலேயே கண்டிஷனரை, அதாவது லெதரை மிருதுவாக வைக்கப் பூசும் திரவத்தை, பூசிவிடுகிறார்கள். ஒரு வாரம் சீட் புதிது போல இருக்கும், அப்புறம் பிசுபிசுப்பாகி முன்பைவிட வேகமாக அழுக்குப் பிடிக்கும். இந்த வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான், கண்டிஷனர் கடைசிக் கால்வாசி. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் தடவை என்றால் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், அவசரமாகச் செய்கிற வேலை இல்லை இது.

1. உங்கள் சீட் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

இன்றைய கார்களில் பெரும்பாலும் வருவது மேல்பூச்சு உள்ள லெதர். தோலின் மேல் நிறம் பூசி, அதற்கு மேல் பாலியூரித்தேன் வகைப் பூச்சு ஒன்றை மெல்லிய படலமாகக் கொடுத்திருப்பார்கள். நாம் உட்காருவது, தேய்ப்பது, துடைப்பது எல்லாமே அந்தப் பூச்சின் மேல்தான். தோல் அதற்கு அடியில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் தானாகவே புரிந்துவிடும், ஏனென்றால் நாம் காப்பாற்ற வேண்டியது அந்தப் பூச்சைத்தான்.

சில விலையுயர்ந்த கார்களில் அனிலின், செமி அனிலின் வகை லெதர் வரும். அனிலினில் பூச்சு கிட்டத்தட்ட இருக்காது, செமி அனிலினில் மிக மெல்லியதாக இருக்கும். கைக்கு மிருதுவாக இருக்கும், ஆனால் தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எது என்று தெரியாவிட்டால் கண்ணில் படாத இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் பூச்சு இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் உள்ளே போய் அந்த இடம் கருத்துத் தெரிந்தால் பூச்சு இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட சீட்டுக்கு அனிலினுக்கென்றே விற்கிற பொருட்களைத்தான் பயன்படுத்த வேண்டும், தண்ணீரும் மிகக் குறைவாக.

மேற்பரப்பு பூனை முடி மாதிரி மெத்தென்று இருந்தால் அது ஸ்வேட் (suede), நுபக் (இரண்டும் மேற்பரப்பை உரசி மெத்தென்று ஆக்கிய தோல்) அல்லது அல்கான்டாராவாக இருக்கும். அல்கான்டாரா தோலே இல்லை, பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்த செயற்கைத் துணி. இந்த மூன்றிலும் லெதர் கண்டிஷனர் படவே கூடாது, இழைகள் ஒட்டி மடிந்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 'லெதர் சீட்' என்று சொல்லி விற்கிற பல கார்களில் நாம் சாயும் பகுதியும் உட்காரும் பகுதியும்தான் தோல், பக்கவாட்டும் பின்புறமும் வினைல், அதாவது தோல் மாதிரியே தெரிகிற பிளாஸ்டிக். கையேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். வினைலை அதே கிளீனரால் சுத்தம் செய்யலாம், ஆனால் அதற்குக் கண்டிஷனர் தேவையில்லை. போட்டால் மேலேயே தங்கிப் பிசுக்கு பிடிக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை, கிட்டேயே வரக் கூடாதவை

தேவையானவை அதிகம் இல்லை. லெதருக்கென்று விற்கும், தண்ணீர் அடிப்படையிலான கிளீனர் ஒன்று. அதே மாதிரி தண்ணீர் அடிப்படையிலான கண்டிஷனர் ஒன்று. மென்மையான பிரஷ், குதிரை முடியில் செய்தது கிடைத்தால் நல்லது. குறைந்தது 6 மைக்ரோஃபைபர் துணிகள். கண்டிஷனர் பூச ஒரு சிறிய ஸ்பாஞ்ச் பேட். மென்மையான பிரஷ் முனை உள்ள வேக்யூம். சிறு வாளியில் சுத்தமான தண்ணீர். அப்புறம் ஒரு டார்ச் லைட். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

துணிகள் வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ இருக்கட்டும். அழுக்கு வருகிறதா, சீட்டின் நிறம் வருகிறதா என்று துணியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கப் போகிறீர்கள், அடர் நிறத் துணியில் இரண்டும் தெரியாது. புதுத் துணி என்றால் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், அது இழைகளில் படிந்து துணியின் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

கிளீனரில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பதனிட்ட தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உடையது. பாத்திரம் துலக்கும் சோப்பில் பல, துணி சோப்பு, 'எல்லாவற்றுக்கும்' என்று விற்கிற கிளீனர்கள் எல்லாம் காரத்தன்மை கொண்டவை. ஒருமுறை போட்டால் ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்பப் போடும்போது மேல்பூச்சு மங்கி, விறைத்து, கடைசியில் வெடிப்பு விடும். குதிரைச் சேணத்துக்கென்று விற்கும் சேடில் சோப்பும் பெரும்பாலும் காரம்தான், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

லெதர் கிளீனர் கிடைக்கவே இல்லையா? நடுநிலையான கம்பளித் துணி டிடர்ஜென்ட்டைத் தண்ணீரில் சுமார் 5% அளவுக்குக் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம் என்று டொயோட்டா தன் கார் கையேடுகளில் சொல்கிறது. 1 லிட்டருக்கு 50 மில்லி. அதன்பின் நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் சோப்பை முழுதும் எடுத்துவிட வேண்டும். உங்கள் கார் கையேட்டிலும் இந்தப் பகுதி இருக்கும், ஆரம்பிக்குமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். அது நான் சொல்வதற்கு மாறாக இருந்தால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

கிட்டே வரக் கூடாதவை: ப்ளீச், கண்ணாடி துடைக்கும் திரவம், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், ஷூ பாலிஷ், பெட்ரோலியம் ஜெல்லி. சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். இயற்கையானது என்று நினைத்துப் போடுகிறார்கள், அது நாளாக நாளாகக் கெட்டு நாற்றம் விடும், தூசியைப் பிடித்துவைக்கும், பூச்சு தேய்ந்த இடத்தில் கறுப்புத் திட்டாகத் தங்கிவிடும். குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான் அவசரத்துக்கு ஒருமுறை என்றால் பரவாயில்லை, பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம், அது பின்னால் ஒரு படலத்தை விட்டுச் செல்லும்.

மெலமைன் ஸ்பாஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளை நிறத்தில், தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் சுவர்க் கறையை அப்படியே எடுக்குமே, அதுதான். அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்கிறது. முதன்முதலில் பழுப்பு வெள்ளை சீட் ஒன்றில் அதை வைத்துத் தேய்த்தபோது அழுக்கு அவ்வளவு அழகாகப் போனது. நான் சீட் முழுக்க அதையே தேய்த்தேன். அடுத்த சில மாதங்களில் தேய்த்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் அழுக்காகி, நிறமும் திட்டுத்திட்டாகப் போக ஆரம்பித்தது. அழுக்கோடு மேல்பூச்சையும் சுரண்டி எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அதைத் திரும்ப வைக்க எந்தக் கண்டிஷனராலும் முடியாது.

3. நிழலில் நிறுத்துங்கள், சீட் ஆறட்டும்

வெயிலில் நின்ற காரில் உடனே தொடங்காதீர்கள். சூடான சீட்டில் கிளீனர் சில நொடிகளிலேயே காய்ந்து கோடு கோடாகத் தங்கிவிடும், அதை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். நிழலில் நிறுத்தி, கதவுகளை எல்லாம் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். புறங்கையை சீட்டில் வைத்தால் சூடு தெரியக் கூடாது.

உங்கள் கையில் உள்ள வாட்ச், மோதிரம், இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பின் சீட்டைத் துடைக்க முன் சீட்டின் மேல் சாயும்போது பெல்ட் பக்கிள் போடுகிற கீறல் நிரந்தரமானது.

4. வேக்யூம், அதுவும் பொறுமையாக

சீட் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். மடிப்புகளிலும் தையல் ஓரத்திலும் மணல் துகள் இருக்கும். அது இருக்கும்போது ஈரப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் நீங்களே மணலை வைத்து சீட்டைத் தேய்த்த மாதிரி.

சீட்டை முன்னே முழுதாகத் தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை, சாய்த்து ஒருமுறை. சாய்வுப் பகுதியும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கை ஒரு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் வேக்யூம் செய்யுங்கள். பிளாஸ்டிக் முனையை நேரடியாகத் தோலில் தேய்க்க வேண்டாம், மென்மையான பிரஷ் முனை போதும்.

சீட்டுக்கு அடியில் கை விடும்போது கவனம். அங்கே ஒயர்கள் இருக்கும், மஞ்சள் நிற இணைப்பிகள் பொதுவாக ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அவற்றை இழுக்கவோ கழற்றவோ கூடாது. வேக்யூம் முடிந்ததும் உலர்ந்த துணியால் சீட் முழுக்க ஒருமுறை தூசி தட்டிவிடுங்கள்.

5. மறைவான இடத்தில் ஒரு சோதனை

பின் சீட்டின் கீழ் ஓரம் மாதிரி யாரும் பார்க்காத இடத்தில் துணியில் கொஞ்சம் கிளீனர் எடுத்து மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். முழுதாகக் காயும்வரை முடிவு சொல்லாதீர்கள். ஈரமான தோல் எப்போதுமே கொஞ்சம் கருத்துத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்களும் உண்டு.

துணியைப் பாருங்கள். அழுக்கு என்றால் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். சிவப்பு சீட்டில் சிவப்பாக, பழுப்பு வெள்ளையில் அதே நிறத்தில் வந்தால் நிறம் கழன்று வருகிறது, நிறுத்திவிடுங்கள். கறுப்பு சீட்டில்தான் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். அங்கே தேய்த்த இடம் காய்ந்தபின் மற்ற இடத்தைவிட வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. கிளீனர் போட்டுத் தேய்ப்பது

முழு வேலையின் மையம் இதுதான், நேரத்தையும் இங்கேதான் செலவிட வேண்டும்.

எந்த சீட்டில் தொடங்குவது? குறைவாக உட்காரும் பின் சீட்டில். டிரைவர் சீட்டைக் கடைசிக்கு வையுங்கள். அதில்தான் அழுக்கும் அதிகம், பூச்சும் அதிகம் தேய்ந்திருக்கும். எவ்வளவு அழுத்தலாம், எவ்வளவு கிளீனர் போதும் என்பது மற்ற சீட்டுகளிலேயே கைக்குப் பழகியிருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் மேலிருந்து கீழே வாருங்கள்: ஹெட்ரெஸ்ட், சாய்வு, பக்க மேடுகள், கடைசியில் உட்காரும் பகுதி. மேலே இருந்து வடிகிற அழுக்கு சுத்தம் செய்த இடத்தில் விழக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

கிளீனரை சீட்டின் மேல் நேராக ஸ்பிரே செய்யாதீர்கள். பிரஷ் மேல் 2 அல்லது 3 முறை ஸ்பிரே செய்து, அந்தப் பிரஷால் தேயுங்கள். சீட்டில் அடித்தால் திரவம் தையல் வழியாக உள்ளே இறங்கும். உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கிறது, பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது, சிலவற்றில் சூடேற்றும் கம்பியும் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சாரும் இருக்கின்றன. இவை எதற்கும் ஈரம் ஆகாது.

ஒரு தையலில் இருந்து அடுத்த தையல் வரை உள்ள பகுதியை ஒரு கட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டமாக இருந்தால் இரண்டு உள்ளங்கை அகலம் அகலமாகப் போங்கள், ஆனால் ஒரு கட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள், ஈரம் நின்ற எல்லை சில வகை லெதரில் கோடாகத் தெரியும்.

பிரஷை வட்டமாகச் சுற்றுங்கள். முடியின் நுனி லேசாக வளைகிற அளவு அழுத்தம் போதும். பிரஷ் முழுக்கப் படுத்துக்கொண்டால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், அப்போது நுனி தோலின் வரிகளுக்குள் போகாமல் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். 20, 30 நொடிகளில் வெள்ளை நுரை பழுப்பாக மாறும். அந்த நிறத்தை முதல் தடவை பார்க்கும்போது ஒரு அதிர்ச்சி இருக்கும்.

நுரை பழுப்பானதும் உடனே துடையுங்கள். காயவிட்டால் கிளப்பிய அழுக்கு திரும்ப அதே வரிகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். துணியை இரண்டு முறை மடித்தால் 8 சுத்தமான பக்கங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கம் என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். ஒரே பக்கத்தால் சீட் முழுக்கத் துடைப்பது அழுக்கை இடம் மாற்றுவதுதான்.

அடுத்து, வாளித் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த இன்னொரு துணியால் ஒருமுறை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளீனர் மிச்சம் தங்கினால் சீட் லேசாக ஒட்டும், தூசியை இழுக்கும், மேலே போடுகிற கண்டிஷனரும் சரியாகப் பரவாது. கடைசியில் உலர்ந்த துணி. பிரஷ், துடைப்பு, ஈரத் துணி, உலர்ந்த துணி என்று நான்கும் ஒரு கட்டத்துக்கு முடிந்தபின்தான் அடுத்த கட்டம்.

இப்போது டார்ச் லைட். சீட்டுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து அடியுங்கள். மினுமினுப்பு மிச்சம் இருக்கும் இடமெல்லாம் திட்டாகத் தெரியும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. தெரிந்தால் அந்தக் கட்டத்தை மறுபடி செய்யுங்கள். ஆனால் ஒரே நாளில் மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். வருடக்கணக்கில் படிந்த அழுக்கை ஒரே உட்காரலில் எடுக்கப் போய்த்தான் பூச்சைத் தேய்த்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை செய்தால் மிச்சமும் வந்துவிடும். டிரைவர் பக்கத்தில் ஏறி இறங்கும்போது தொடை உரசுகிற மேட்டில் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் மினுமினுப்பு முழுதும் போகாமல் இருக்கலாம். அங்கே தோலின் வரிகளே உரசி உரசித் தட்டையாகியிருக்கும். அது அழுக்கு இல்லை, விட்டுவிடுங்கள்.

7. ஓட்டை உள்ள லெதரும் தையலும்

காற்று வரும் சீட்டுகளில் தோலில் பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும். இங்கே பிரஷையும் கொஞ்சம் காயவைத்தே எடுங்கள், ஈரம் தெரிந்தால் போதும், சொட்டக் கூடாது. ஓட்டைக்குள் போன கிளீனரை வெளியே எடுப்பது பெரும்பாடு. கண்டிஷனர் என்றால் இன்னும் மோசம், உள்ளே காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அப்படி நின்றுவிட்டால் மரப் பல்குச்சியின் நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை.

தையலில் பிரஷை நூல் ஓடும் திசையிலேயே ஓட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் நூல் பிசிறு கிளம்பும். கறுப்பு சீட்டில் வெள்ளை நூல் என்றால் நூல்தான் முதலில் அழுக்காகத் தெரியும், அதற்கென்று கடினமான பிரஷ் எடுக்காதீர்கள், மென்மையானதாலேயே இரண்டு தடவை போங்கள்.

8. கறைகள்

சிந்திய உடனே என்றால் எதுவாக இருந்தாலும் முதலில் துணியை மேலே வைத்து ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். பால், சர்க்கரை கலந்த பானம் மாதிரி என்றால் ஒற்றியபின் ஈரத் துணியால் உடனே துடையுங்கள். தையல் இடுக்கில் தங்கிய பால் இரண்டு நாளில் காரையே நாறடித்துவிடும்.

ஜீன்ஸ் சாயம் வெளிர் நிற சீட்டின் தீராத தொல்லை. புதிதாகப் பட்டது வழக்கமான சுத்தத்திலேயே பெரும்பாலும் போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் சாயம் பூச்சுக்குள் இறங்கிவிடும், அப்புறம் முழுதாக எடுப்பது கடினம்.

பேனா மை இன்னும் சிக்கலானது. ஆல்கஹால் அல்லது சானிடைசர் வைத்துத் துடை என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். மை கரைவது உண்மை. சீட்டின் நிறமும் மேல்பூச்சும் கூடவே கரையலாம் என்பதும் உண்மை. ஒரு சிறு மைக் கோட்டை எடுக்கப் போய் உள்ளங்கை அளவு நிறம் வெளுத்த சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். லெதர் கிளீனரால் இரண்டு முறை மெதுவாக முயன்று பாருங்கள், போகாவிட்டால் அந்தக் கோட்டோடு வாழலாம், அல்லது லெதர் வேலை தெரிந்தவரிடம் கொடுக்கலாம். இதே காரணத்தால், கையில் சானிடைசர் போட்டால் அது காய்ந்தபின்தான் சீட்டைத் தொட வேண்டும்.

பூசணம் பிடித்திருந்தால் காரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து எடுத்தபின் வழக்கமான சுத்தம் செய்யுங்கள். உலர்ந்த பூசணத்தைப் பிரஷால் தட்டினால் துகள் கார் முழுக்கப் பறக்கும். துடைத்ததோடு நிறுத்தினால் திரும்ப வரும், தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது என்று கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

9. காயவிடுங்கள்

கதவுகளைத் திறந்து நிழலில் குறைந்தது ஒரு மணி நேரம். ஈரமான காலநிலை என்றால் இரண்டு மணி. ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலில் நிறுத்துவதும் வேண்டாம். ஈரத் தோலை வேகமாகக் காயவைத்தால் விறைத்துச் சுருங்கும். ஈரம் போகாமல் கண்டிஷனர் போட்டால் அது ஒட்டாமல் வழுக்கும்.

10. கண்டிஷனர்

கண்டிஷனர் தோலுக்குள் இறங்கி அதை ஊட்டி வளர்க்கும் என்று பாட்டிலில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். மேல்பூச்சு உள்ள லெதரில் அது உள்ளே போக வழி குறைவு. அதன் பயன் மேற்பரப்பில்தான்: பூச்சு வளையும்போது உரசல் குறையும், தொடுவதற்கு மிருதுவாக இருக்கும், அழுக்கு நேரடியாகப் படிவது கொஞ்சம் தாமதமாகும். பூச்சு இல்லாத அனிலினில்தான் அது உண்மையிலேயே உள்ளே போய் வேலை செய்கிறது. இதனால்தான் அதிகம் போட்டால் அதிக நன்மை என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஸ்பாஞ்ச் பேடில் ஒரு நாணயம் அளவு எடுத்து, பேடை மடித்து இரண்டு பக்கமும் பரவச் செய்யுங்கள். ஒரு கட்டத்துக்கு அது போதும். சீட்டில் மெல்லிய ஈரப் படலம் மாதிரி தெரிய வேண்டும், வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். ஓட்டை உள்ள இடத்தில் பேடை விட்டுவிட்டு, துணியில் துளி எடுத்து மேலாக ஓட்டுங்கள். தையல் பள்ளத்தில் தேங்கவிடாதீர்கள்.

பாட்டிலில் ஒரு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள், இல்லையென்றால் 15 முதல் 20 நிமிடம் விட்டு உலர்ந்த துணியால் சீட் முழுக்கத் தேய்த்துத் துடையுங்கள். துடைப்பது கட்டாயம். மிச்சம் தங்கினால் அதுதான் உடையில் ஒட்டும், தூசியைப் பிடிக்கும், நாம் இவ்வளவு நேரம் எடுத்த அந்த மினுமினுப்பை ஒரே மாதத்தில் திரும்பக் கொண்டுவரும். வேலை சரியாக முடிந்திருந்தால் சீட் மங்கலாகவே இருக்கும். முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும், இவ்வளவு உழைத்தும் பளபளக்கவில்லையே என்று. அதுதான் சீட்டின் அசல் தோற்றம்.

ஒரு மணி நேரம் கழித்தும் கை வழுக்கினால் அதிகம் போட்டுவிட்டீர்கள். நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள்.

11. பாதுகாப்புப் பூச்சு வேண்டுமா

அடர் நிற சீட்டுக்கு நான் வற்புறுத்த மாட்டேன். வெளிர் நிறம் என்றால் போடுங்கள், ஜீன்ஸ் சாயம் ஏறுவது கணிசமாகக் குறையும். ஆனால் சில பூச்சுகள் கண்டிஷனர் போடாத சுத்தமான சீட்டில்தான் பிடிக்கும், சிலவற்றைக் கண்டிஷனருக்கு மேலேயே போடலாம். எது என்று அந்தப் பாட்டிலில் இருக்கும், 10ஆம் படிக்கு முன்பே படித்துவிடுங்கள். போட்டபின் ஒரு நாள் யாரும் உட்காராமல் இருந்தால் நல்லது.

12. ஸ்டியரிங்

காரிலேயே அதிக அழுக்கான லெதர் இதுதான். 6ஆம் படியில் சொன்னபடியே சுத்தம் செய்யுங்கள், பிரஷைக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் வைத்துக்கொண்டு, பட்டன்களுக்குள் ஈரம் போகாமல். கண்டிஷனரோ பளபளப்புத் திரவமோ இதில் போடாதீர்கள். திருப்பத்தில் கை வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். பெடல்களுக்கும் அதே விதி.

13. எத்தனை நாளுக்கு ஒருமுறை

வாரம் ஒருமுறை வேக்யூம். மாதம் ஒருமுறை பிழிந்த ஈரத் துணியால் துடைப்பு, அதிலும் டிரைவர் சீட்டை மட்டும் செய்தாலும் சரி. மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை முழுச் சுத்தம். கண்டிஷனர் வருடத்துக்கு இரண்டு முறை போதும், தினமும் வெயிலில் நிற்கும் கார் என்றால் மூன்று. சுத்தம் செய்யாமல் கண்டிஷனர் மட்டும் போடுகிற வழக்கம் எந்தக் கணக்கிலும் சேராது.

வெயிலில் நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள். குழந்தை சீட் வைத்திருந்தால் அடியில் ஒரு விரிப்புப் போடுங்கள், மாதக்கணக்கில் அழுந்திய பள்ளம் எளிதில் எழாது. இறங்கும்போது பக்க மேட்டின் மேல் உடம்பைத் தேய்த்து வழுக்காமல், இரண்டு காலையும் வெளியே வைத்து எழுந்துகொள்ளுங்கள்.

ஏற்கனவே வெடிப்பு விட்டு உள்தோல் தெரிகிற இடத்துக்குக் கண்டிஷனர் வைத்தியம் கிடையாது. அங்கே வெடிப்பை நிரப்பி, நிறம் பூசி, மேல்பூச்சு கொடுக்கிற வேலை தேவைப்படும். அதற்குக் கொடுக்க முடிவு செய்துவிட்டால் அதற்கு முந்தைய வாரங்களில் அந்த சீட்டில் எதையும் பூசாதீர்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் புது நிறம் பிடிக்காமல் உரிந்துவிடும்.